சீருடை களைந்த கவிஞர்

உருது மொழி அறியாத ஒருவன் உருதுக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவது துணிச்சலான காரியந்தான். பைஸ் அஹமத் பைஸ் அவர்களின் கவிதைகளை நான் முதன்முதலில் அறிந்தது, விக்டர் கீர்னன் என்னும் ஆங்கில அறிஞர் 1971இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலின் வாயிலாகவே. என்னோடு ஒரே பாடசாலையிற் படிப்பித்த மௌலவி ஆசிரியர் ஒருவர் வட இந்தியாவிலே ஓதி வந்தவர். மதிய இடைவேளைகளில் அவர் உருது மூலத்தை ஓசையோடு வாசித்துக்காட்ட, நான் ஆங்கிலத்தை விரலால் தொட்டுக்கொண்டு பொருளைப் பின்தொடர்வேன். அவருக்குப் பைஸின் சமயப்பற்றில் ஐயம். எனக்கு அவருடைய அரசியலில் ஐயம். ஆயினும் இருவருமே வாசிப்பதை நிறுத்தவில்லை.

பைஸைப் போற்றுவோர் அவருடைய சிறைவாசத்தைக் கூறுவர், காதற் கவிதைகளைக் கூறுவர், 1962இல் அவர் பெற்ற லெனின் சமாதானப் பரிசைக் கூறுவர். அவர் ஐந்தாண்டளவு இராணுவச் சீருடை அணிந்திருந்தவர் என்பதையும், தளபதி ஒருவரின் வீட்டிலே ஆட்சிக் கவிழ்ப்புப் பற்றிய பேச்சில் அமர்ந்திருந்தவர் என்பதையும் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். என் மனத்தை ஈர்த்தது அவ்விடமே. பாகிஸ்தானிலே படையும் சமயத் தீவிரமும் இந்தியப் பகைமையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்த வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு இவருடைய வாழ்வு ஒரு நல்ல வாயில் எனலாம்.

பைஸ் 1911 பெப்ரவரி 13ஆந் திகதி பஞ்சாபின் சியால்கோட்டை அடுத்த காலா காதர் என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் சுல்தான் முகம்மது கான் ஆடு மேய்த்த ஏழைச் சிறுவனாக வாழ்வைத் தொடங்கிக் காபூலுக்குச் சென்று, ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மானின் செயலாளராக உயர்ந்தவர். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றதோடு, அந்த அமீரின் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மகன் சியால்கோட்டிலே மௌலவி மீர் ஹசனிடம் அரபு பயின்றார். மகாகவி இக்பாலுக்கும் ஆசிரியராயிருந்த பெருமகன் அவர். பின்னர் லாகூரில் ஆங்கிலத்திலும் அரபு மொழியிலும் முதுகலைப் பட்டங்கள் பெற்று, 1935இல் அமிர்தசரஸ் கல்லூரியொன்றில் விரிவுரையாளரானார். அங்கேதான் மகமூதுஸ் ஸபர், ரஷீத் ஜஹான் தம்பதியரின் நட்பினால் பொதுவுடைமைச் சிந்தனை அவரை வந்தடைந்தது. 1936இல் முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் அவரும் நின்றார்.

அவருடைய திருமணத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அலிஸ் ஜோர்ஜ் என்னும் ஆங்கிலப் பெண்மணியை அவர் மணந்தது 1941இல், காஷ்மீரத்துச் சிறிநகரில். நிக்காஹ்வை நடத்தி வைத்தவர் வேறெவருமல்லர். காஷ்மீரச் சிங்கம் எனப் பெயர் பெற்ற ஷேக் அப்துல்லாவே. ஆறே ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கு இரு நாடுகளின் போர்க்களமாயிற்று. மணமகன் ஒரு நாட்டின் குடிமகனானார். மணத்தை நடத்தியவர் மறு நாட்டோடு இணைந்து நின்று, பின்னர் அந்த நாட்டினாலேயே 1953இற் சிறையிலடைக்கப்பட்டார். அப்பொழுது பைஸும் தம் நாட்டுச் சிறையொன்றிலே இருந்தார்.

1942இல் பைஸ் பிரித்தானிய இந்திய இராணுவத்திற் சேர்ந்தார். ஏகாதிபத்தியத்தை வெறுத்த கவிஞர் அதன் சீருடையை அணிந்ததேன் என்ற கேள்வி எழுவது இயல்பே. ஹிட்லரின் படை சோவியத் ரஷ்யாவினுள் நுழைந்த பின் பாசிசத்தைத் தோற்கடிப்பதே முதற் கடமை என்று இடதுசாரிகள் பலர் கருதிய காலம் அது. டில்லியில் இராணுவத்தின் செய்தித்துறையில் கப்டனாகத் தொடங்கியவர் லெப்டினன்ட் கேணல் தரம்வரை உயர்ந்தார். பிரித்தானிய அரசின் விருதொன்றும் கிடைத்தது. அக்காலத்தில் அவர் அறிந்த அதிகாரிகள் பலர் பின்னாளிற் பாகிஸ்தானின் படைத்தலைமையில் அமர்ந்தனர். இராணுவம் அவருக்கு அந்நிய உலகமாய் இருக்கவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1947இல் படையை விட்டு நீங்கி, லாகூரில் மியான் இப்திகாருத்தீன் தொடங்கிய பாகிஸ்தான் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியரானார். அவ்வாண்டு ஓகஸ்டில் விடுதலை வந்தது. அதனோடு பஞ்சாப் இரத்தத்தில் தோய்ந்தது. பைஸ் எழுதிய விடுதலைக் கவிதை, காத்திருந்த விடியல் இதுவன்று என்னும் ஏமாற்றத்தைப் பொருளாகக் கொண்டது. புதிய நாட்டின் பற்றாளர்கள் சினந்தனர். அவருடைய முற்போக்கு அணியைச் சேர்ந்தவர்களுங்கூட, தெளிவில்லை என்று குறை கூறினர். இரு தரப்பாரும் ஒருங்கே வெறுக்கும் கவிதையை எழுதுவது எல்லோராலும் இயல்வதன்று. 1948 ஜனவரியிற் காந்தியடிகள் கொலையுண்டபோது, காஷ்மீரத்திற் போர் மூண்டிருந்த அந்த வேளையிலும், பைஸ் லாகூரிலிருந்து டில்லிக்குச் சென்று இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டார்.

இனி, இராவல்பிண்டி விவகாரம்.

காஷ்மீரப் போரிலே தாரிக் என்னும் மறுபெயருடன் பழங்குடிப் படையினரை வழிநடத்தியவர் மேஜர் ஜெனரல் அக்பர் கான். 1949 ஜனவரி முதலாந் திகதி போர்நிறுத்தம் வந்தது. வெற்றி கைக்கெட்டும் வேளையில் அரசியல்வாதிகள் அதைப் பறித்துவிட்டனர் என்ற மனக்குமுறல் அக்பர் கானையும் அவரைச் சூழ்ந்த அதிகாரிகளையும் பிடித்துக்கொண்டது. போரில் முழு வெற்றி பெறாத படையினர், தோல்விக்குக் காரணம் தலைநகரிலே இருக்கிறது என்று நம்பத் தொடங்குவதில் எத்தகைய ஆபத்து உண்டென்பதைப் பாகிஸ்தான் அறிந்துகொண்ட முதற் சந்தர்ப்பம் இதுவே. 1951 பெப்ரவரி 23ஆந் திகதி இராவல்பிண்டியில் அக்பர் கானின் இல்லத்தில் நீண்ட கூட்டமொன்று நடந்தது. அதிகாரிகளோடு பொதுவுடைமைக் கட்சித் தலைவர் சஜ்ஜாத் ஸஹீரும் பைஸும் அங்கிருந்தனர். லியாகத் அலி கானின் அரசை அகற்றுவது பற்றிப் பேசப்பட்டது. பேச்சு பேச்சாகவே முடிந்தது, எவ்வித உடன்பாடும் ஏற்படவில்லை என்பதே சம்பந்தப்பட்டோர் பின்னாளிற் கூறிய விளக்கம். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். மார்ச் 9ஆந் திகதி பிரதமர் சதியை அறிவித்தார், பைஸ் கைதானார்.

அவருடைய அன்பர்கள் இதனை முற்றிலும் சோடிக்கப்பட்ட வழக்கு என்பர். என்னால் அவ்வாறு கூற இயலவில்லை. மக்களைத் திரட்டும் நெடிய வழி சலித்துப்போனவர்களுக்குத் தளபதிகளின் குறுக்குவழி எப்பொழுதும் கவர்ச்சியுடையது. அன்று அந்த அறையிலே ஒன்றுகூடியிருந்தவை காஷ்மீரத்தை வெல்லத் துடித்த படையும், சமத்துவம் விரும்பிய கட்சியும் ஆகும். முந்தியது வென்றிருந்தால் பிந்தியதை எத்தனை நாள் விட்டுவைத்திருக்கும்? பைஸ் அங்கே போயிருக்கலாகாது என்றே நான் நினைக்கிறேன். மௌலவி நண்பர் இதனை ஏற்கவில்லை. கவிஞன் எல்லா அறைகளிலும் இருக்க வேண்டியவன் என்பது அவர் கட்சி.

வழக்கின் பயன் எவருக்குச் சென்றது என்பதையும் நோக்குதல் தகும். 1951 ஜனவரியிலேதான் அயூப் கான் பாகிஸ்தான் படையின் முதலாவது சுதேச பிரதம தளபதியாகப் பதவியேற்றிருந்தார். அவருக்கு இடையூறாகக்கூடிய ஆர்வமிக்க அதிகாரிகள் இவ்வழக்கினால் அகன்றனர். இடதுசாரிகளும் ஒடுங்கினர், 1954இற் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டிற் பாகிஸ்தான் அமெரிக்காவுடன் இராணுவ உடன்படிக்கை செய்துகொண்டது. அயூப் கான் சேனாதிபதியாயிருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். அண்டை நாட்டைக் காட்டி ஆயுதம் பெறுவதும், ஆயுதத்தைக் காட்டி ஆட்சியைப் பெறுவதுமாகிய பாதை அக்காலத்திலேயே செப்பனிடப்பட்டுவிட்டது.

பைஸ் சில மாதங்கள் தனிச் சிறையில் வைக்கப்பட்டார். எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. பின்பு ஹைதராபாத் சிறையிலே, இதற்கெனவே இயற்றப்பட்ட விசேட சட்டத்தின்கீழ், மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. எதிரிகளுக்காக வாதாடியவர்களுள் பின்னாளிற் பிரதமராகிய சுஹ்ரவர்தியும் ஒருவர். மரணதண்டனை கிடைக்குமோ என்ற அச்சம் பல காலம் நீடித்தது. இறுதியிற் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது; 1955இல் அவர் விடுதலையானார். அவருடைய கவித்துவம் முற்றிக் கனிந்தது இச்சிறையிலேதான். தஸ்தே சபா, ஸிந்தான் நாமா என்னும் இரு தொகுதிகளும் அங்கே விளைந்தவை. பாரசீக மரபில் வந்த காதலியும், தூதும், பிரிவும், மதுக்கிண்ணமும் அவர் கையிலே நாட்டையும் நீதியையும் குறிக்கும் மொழியாயின. நம் அகத்திணை மரபிலே பயின்ற வாசகர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. மரபின் சொல்லை விடாமலே அதன் பொருளை நகர்த்தும் வித்தை அது.

அவர் சிறையிலிருந்த காலத்தில் வெளியே நடந்த ஒரு நிகழ்ச்சி, அவர் வாழ்வோடு நேராகத் தொடர்புடையதன்று; ஆயினும் அதைக் கூறாமல் பின்னர் நடந்தவற்றை விளக்க முடியாது. 1953இல் அஹ்மதியா பிரிவினருக்கு எதிராகச் சமயத் தலைவர்கள் சிலர் மூட்டிய கிளர்ச்சி பஞ்சாபிற் கலவரமாகப் பரவியது. சிவில் நிர்வாகம் கை தளர்ந்தது. மார்ச் 6ஆந் திகதி லாகூரில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஜெனரல் அஸம் கானின் கீழிருந்த படை அமைதியை விரைவில் நிலைநாட்டியது. நகரை ஆளத் தன்னால் முடியும் என்பதைப் படை முதன்முதலாகச் சுவைத்துப் பார்த்த வேளை அது. நீதியரசர் முனீர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை மறு ஆண்டு வெளிவந்தது. முஸ்லிம் என்பவர் யார் என்னும் கேள்விக்கு உலமாக்களிடையே ஒத்த விடை இல்லை என அது எடுத்துக்காட்டியது. அறிக்கையைப் போற்றியவர் பலர். ஆட்சியாளரிடத்து அதனாற் பயன் விளையவில்லை. 1974இற் பாராளுமன்றமே அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் அல்லர் என அரசியலமைப்பைத் திருத்தியது.

1958 ஒக்டோபரில் ஆசிய ஆபிரிக்க எழுத்தாளர் மகாநாட்டிற்காகப் பைஸ் தாஷ்கெண்டுக்குச் சென்றிருந்தார். அவ்வேளையிலேயே தாய்நாட்டிற் படையாட்சி ஏற்பட்டது. திரும்ப வேண்டாமென நண்பர் பலர் தடுத்தனர். அவர் திரும்பினார், லாகூர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1959இல் அவர் விடுதலை பெற்ற காலத்தையொட்டியே அவர் வளர்த்த பாகிஸ்தான் டைம்ஸ் நிறுவனத்தை அயூப் அரசு கைப்பற்றிக்கொண்டது. பின்னர் சிலகாலம் லண்டனில் வாழ்ந்து, 1964இற் கராச்சிக்கு மீண்டு, லியாரி என்னும் ஏழை மக்களின் பகுதியிலே கல்லூரியொன்றின் அதிபரானார். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் இப்பகுதியை விரும்பி வாசிப்பார்கள் என எண்ணுகிறேன். எனினும் நான் 1965க்கு விரைய வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு செப்டெம்பரில் இரு நாடுகளும் மோதின. லாகூரின் அருகிலே இந்தியப் படை நின்றது. வானொலி நிலையங்களிற் போர்ப்பாட்டுகள் இரவு பகலாகப் பிறந்தன; பைஸின் கவி நண்பர்கள் பலர் அவற்றை எழுதினர். அவரோ அப்போது அரசின் தகவற்றுறைக்குக் கௌரவப் பணி புரிந்துகொண்டிருந்தவர். அவரிடமும் எதிரியை வீழ்த்தும் பரணி எதிர்பார்க்கப்பட்டது. அவர் எழுதியவை இரண்டு கவிதைகள். ஒன்று, நகரின் விளக்குகள் அணைக்கப்பட்ட இருளைப் பற்றியது. மற்றையது, மண்ணிற் கிடக்கும் மகனை எழுந்திருக்கச் சொல்லி அழைக்கும் ஒரு தாயின் ஒப்பாரி. அத்தாய் எல்லையின் எந்தப் பக்கத்தவள் என்று காட்டும் குறிப்பு கவிதையிலே இல்லை. நாட்டுப்பற்றற்றவர் என்ற பழி மீண்டும் அவரைச் சூழ்ந்தது. சீருடை அணிந்திருந்தவர், படையினனின் சாவு எத்தகையது என்று அறிந்தவர். அவர் பாடியது சாவையே. போர்க்காலத்திலே எழுத்தாளனிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதை நம் நாட்டு வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1971 இதனினும் கொடிது. கிழக்குப் பாகிஸ்தானின் மக்கள் தேர்தலிலே பெற்ற பெரும்பான்மையைப் படைத்தலைவர் யாஹ்யா கான் ஏற்க மறுத்து, மார்ச் 25ஆந் திகதி இரவு டாக்காவின் மீது படையை ஏவினார். விமானக் கடத்தலொன்றைத் தொடர்ந்து அவ்வாண்டு பெப்ரவரியிலேயே இந்தியா தன் வான்வழியை மூடியிருந்தமையால், மேற்கிலிருந்து கிழக்கிற்குச் சென்ற பாகிஸ்தான் விமானங்கள் தெற்கே சுற்றி வந்து எமது கட்டுநாயக்காவிலே எரிபொருள் நிரப்பிச் சென்றன. அதைப் பற்றி அன்று நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஏப்ரலில் எமது நாட்டிலேயே கிளர்ச்சி மூண்டுவிட்டது. இளைஞர்களின் சடலங்கள் ஆறுகளில் மிதந்த காலம். டாக்காவைப் பற்றி யார் நினைத்தார்?

பைஸ் மௌனமாயிருக்கவில்லை. தம் உடலையே நஞ்சேறிய ஒன்றாக உருவகித்து, தம்மை அணுக வேண்டாமென்று எச்சரிக்கும் கவிதையொன்றை அந்த மார்ச்சிலேயே எழுதினார். ஆனால் அது போதுமா? வங்காளத்திலே அவருக்கு நெருங்கிய நண்பர்கள் இருந்தனர்; மேக்னா நதி மீனவர்களைப் பற்றிய திரைப்படமொன்றுக்கு 1959இல் அவர் கதைவசனம் எழுதியிருந்தார். அவ்வளவு உறவுடையவர், படையின் கொடுமையைப் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லையே என்று வங்காளியர் மனம் நொந்தால் அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். 1974இற் பிரதமர் பூட்டோவின் குழுவினரோடு அவர் டாக்காவுக்குச் சென்றார். மீண்டு வந்து எழுதிய சிறு கவிதையிலே, ஒருகாலத்து அன்பர்களுக்கு அந்நியராகிவிட்ட துயரமும், சொல்லச் சென்றதைச் சொல்லாமலே திரும்பிய குற்றவுணர்வும் கலந்து கிடக்கின்றன. மௌலவி நண்பர் இதனை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அது கீர்னனின் நூலிலே இல்லை. பிற்காலத் தொகுதியொன்றை அவரே எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்திருந்தார்.

பூட்டோவின் காலத்திற் பைஸுக்கு அரச ஆதரவு கிடைத்தது. தேசிய கலை மன்றத்தின் தலைமையை ஏற்றார். வேடிக்கை யாதெனில், பழைய சதி வழக்கின் தலையாய எதிரி அக்பர் கானும் அவ்வரசிலே பாதுகாப்புப் பொறுப்பொன்றில் அமர்ந்திருந்தார். 1977 ஜூலை 5ஆந் திகதி ஜெனரல் ஸியா உல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். 1979 ஏப்ரலிற் பூட்டோ தூக்கிலிடப்பட்டார். அயூபின் படையாட்சி முன்னேற்றத்தின் பெயரைச் சொல்லி வந்தது. ஸியாவின் ஆட்சி சமயத்தின் பெயரைச் சொல்லி வந்தது. ஹுதூத் சட்டங்களும் கசையடியும் வந்தன. 1979 டிசெம்பரிற் சோவியத் படை ஆப்கானிஸ்தானிற் புகுந்தபின் அமெரிக்காவினதும் சவூதி அரேபியாவினதும் பணமும் ஆயுதமும் பாகிஸ்தான் உளவுத்துறையின் கைவழியாக ஆப்கான் முஜாஹிதீன்களுக்குப் பாய்ந்தன; எல்லையோர மத்ரஸாக்கள் பெருகின. அப்போர் முடிந்தபின் அந்த ஆயுதப் பயிற்சியின் ஒரு பகுதி காஷ்மீரத்தை நோக்கித் திரும்பியது. 1951இல் இராவல்பிண்டி அறையிலே காஷ்மீரக் கனவோடு அமர்ந்திருந்த அதிகாரிகள் மதவாதிகள் அல்லர். அவர்களுடைய கனவுக்கு மதத்தின் மொழியை முழுமையாக அளித்தவர் ஸியாவே.

இந்த ஆட்சியின் கீழே பைஸ் வாழ விரும்பவில்லை. பெய்ரூத்துக்குச் சென்று, ஆசிய ஆபிரிக்க எழுத்தாளர் சங்கத்தின் லோட்டஸ் சஞ்சிகையை நடத்தினார். அவருக்கு முன்னர் அதன் ஆசிரியராயிருந்த எகிப்திய எழுத்தாளர் யூசுப் அல் சிபாயி 1978இற் சைப்பிரஸில் கொலையுண்டிருந்தார். பலஸ்தீனரின் துயரைப் பாடிய தொகுதியொன்றை யாசர் அரபாத்துக்குக் காணிக்கையாக்கினார். 1982இல் இஸ்ரேலியப் படை அந்நகரை முற்றுகையிட்டதையடுத்து லாகூருக்கு மீண்டார். 1984 நவம்பர் 20ஆந் திகதி அங்கேயே காலமானார். இறப்பதற்குச் சில நாட்களின் முன்னர் தாம் பிறந்த காலா காதர் கிராமத்துக்குப் போய் வந்திருந்தார்.

1979இல் அவர் எழுதிய கவிதையொன்று, மறுமை நாளைப் பற்றிய குர்ஆனின் படிமங்களையே எடுத்துக்கொண்டு, கொடுங்கோலரின் அரியணைகள் சரிவதைக் காட்டுவது. அதன் தலைப்பும் அர்ரஹ்மான் அத்தியாயத்து வசனமொன்றின் பகுதியே. சமயத்தின் பெயரால் ஆண்டவரை அச்சமயத்தின் மொழியாலேயே எதிர்த்தமை கண்டு மௌலவி நண்பர் முதன்முறையாகப் பைஸுக்குத் தலைவணங்கினார். 1986 பெப்ரவரியில் லாகூர் அல்ஹம்ரா மண்டபத்திலே பாடகி இக்பால் பானு அதனைப் பாடியபோது, ஸியா இன்னும் ஆட்சியில் இருந்தார். அரங்கின் ஆரவாரத்தினாற் பாட்டு இடையிடையே நின்றது. ஒலிப்பதிவு நாடாக்களைத் தேடி அதிகாரிகள் அலைந்தனர்; தப்பிய நாடாவொன்று படியெடுக்கப்பட்டு உலகெங்கும் சென்றது.

2019 டிசெம்பரில் இந்தியாவிலே குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிரான கிளர்ச்சியின்போது கான்பூர்த் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் அதே பாட்டைப் பாடினர். அது இந்துக்களின் மனத்தைப் புண்படுத்துவதாக முறைப்பாடு எழுந்தது; அதையும் சேர்த்து விசாரிக்க அக்கல்லூரி குழுவொன்றை அமைத்தது. பாகிஸ்தானில் நாத்திகரென்றும் இந்தியாவின் கையாளென்றும் ஏசப்பட்டவரின் பாட்டு அது. செய்தி வந்த அன்று மௌலவி நண்பருக்குத் தொலைபேசியிற் சொன்னேன். பார்வை மங்கி, வாசிப்பு நின்றுபோயிருந்த அவர், சிறிது நேரம் சிரித்துவிட்டு, அந்தப் பாட்டை மனப்பாடமாகவே முழுவதும் சொன்னார்.